காத்திருக்கும் நேரத்துக்கும் கணக்கு உண்டு
எல்லை தாண்டும் சரக்கைத் திட்டமிடவும் மதிப்பிடவும் ஒரு வகுப்பறைச் செயல்திட்டம்

பத்தாம் வகுப்பு சமூக அறிவியல் இடைத்தேர்வில் ஒரு மதிப்பெண் வினா கேட்டிருந்தேன்: "மிகவும் மலிவான போக்குவரத்து எது?" பாடநூலின்படி விடை நீர்வழிப் போக்குவரத்து. ஒரு மாணவி மட்டும் விடையோடு கூடுதலாக ஒரு வரி எழுதியிருந்தாள்: "ஆனால் காத்திருக்கிற நாளையும் சேர்த்தால் மாறும்." விடைக்கு மதிப்பெண் கொடுத்துவிட்டு, அந்த வரியின் கீழ் சிவப்பு மையால் கோடிட்டு, "கேள்விக்கு மட்டும் விடை எழுதவும்" என்று குறிப்பும் எழுதினேன்.

விடைத்தாளைக் கொடுத்த அன்று இடைவேளையில் அவள் என்னிடம் வந்தாள். "சார், எங்க அப்பா கன்டெய்னர் லாரி ஓட்டுறார். கரூர்ல துணி ஏத்திட்டுத் தூத்துக்குடி போவார். ஓட்டுறது ஆறு மணி நேரம்தான் சார். ஆனா போன தடவை மூணாம் நாள்தான் சரக்கை இறக்க முடிஞ்சுது. ரெண்டு பேப்பர்ல பெட்டி எண்ணிக்கை வேற வேறயா இருந்துச்சாம். நடைக்கு இவ்வளவுன்னுதான் கூலி. நின்ன நாளுக்குச் சாப்பாட்டுக் காசு மட்டும்தான்."

பெற்றோர் கூட்டத்துக்கு உன் அப்பா ஏன் வரவில்லை என்று அதே மாணவியிடம் நான் ஒருமுறை கடிந்து கேட்டிருக்கிறேன். அது அப்போது நினைவுக்கு வந்தது.

"இந்தியா – மக்கள் தொகை, போக்குவரத்து, தகவல் தொடர்பு மற்றும் வணிகம்" என்ற பாடத்தை நான் பல ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். சாலை, இருப்புப்பாதை, குழாய், நீர், வான் என்று வகைகளைச் சொல்வேன். துறைமுகங்களை வரைபடத்தில் குறிக்கச் சொல்வேன். ஏற்றுமதி, இறக்குமதி, வணிகச் சமநிலை என்று வரையறைகளைக் கொடுப்பேன். ஆனால் ஒரு மூட்டை வெங்காயம் நம் ஊரிலிருந்து இன்னொரு நாட்டுக்கு எப்படிப் போகிறது என்று ஒரு நாளும் வகுப்பில் பின்தொடர்ந்து பார்த்ததில்லை. அந்தக் குறையைத் தீர்க்க ஐந்து பாடவேளைகளில் நாங்கள் செய்த செயல்திட்டத்தை இங்கே பகிர்கிறேன்.

செயல்பாடு 1: வழியை வரைதல்

எங்கள் பகுதிக்கு நெருக்கமான சரக்கையே எடுத்துக்கொண்டோம். திண்டுக்கல் மண்டியிலிருந்து 12 டன் சின்ன வெங்காயம் கொழும்பு புறக்கோட்டையில் உள்ள மொத்த வியாபாரியிடம் போய்ச் சேர வேண்டும். மாணவர்கள் குழுக்களாகப் பிரிந்து, சரக்கு கை மாறும் அல்லது நிற்கும் ஒவ்வோர் இடத்தையும் ஒரு கட்டமாக வரைந்தார்கள்.

முதல் முயற்சியில் எல்லாக் குழுக்களும் மூன்றே கட்டங்கள் போட்டன: லாரி, கப்பல், லாரி. "லாரியில் ஏற்றுவதற்கு முன்னால் என்ன நடக்கும்? கப்பலில் ஏற்றுவதற்கு முன்னால் யார் பார்ப்பார்கள்?" என்று கேட்கக் கேட்கக் கட்டங்கள் கூடின. காயவைத்தல், தரம் பிரித்தல், மூட்டை பிடித்தல், கன்டெய்னரில் அடுக்குதல், சீல் வைத்தல், எடைமேடை, சுங்கத்துறையின் அனுமதி, துறைமுக வாயில், கப்பலில் ஏற்றுதல், கடல் பயணம், கொழும்பில் இறக்குதல், இலங்கைச் சுங்கத்தின் சோதனை, தாவர நோய்த் தடுப்புச் சோதனை, மீண்டும் லாரி, கடைசியாகக் கடை என்று பதினைந்து கட்டங்கள் வந்தன.

அடுத்து ஓடும் நேரத்தைக் கணக்கிட்டோம். திண்டுக்கல்லிலிருந்து தூத்துக்குடி ஏறத்தாழ 200 கி.மீ. லாரி மணிக்குச் சராசரியாக 40 கி.மீ. போனால் 5 மணி நேரம். தூத்துக்குடியிலிருந்து கொழும்பு சுமார் 150 கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கி.மீ. என்பதை மாணவர்களே கி.மீ. ஆக மாற்றினார்கள். கப்பல் மணிக்கு 12 கடல் மைல் வேகத்தில் போவதாக வைத்தால் 12½ மணி நேரம். இரண்டையும் கூட்டினால் 17½ மணி நேரம்தான்.

"அப்படியென்றால் காலையில் ஏற்றினால் மறுநாள் காலைக்குள் கொழும்பில் இருக்குமே!" என்றான் ஒருவன். சரக்கு கடைக்குப் போய்ச் சேர 4 நாள், அதாவது 96 மணி நேரம் ஆகிறது என்று வைத்துக்கொண்டு சதவீதம் காணச் சொன்னேன். ஓடிய நேரம் 18 சதவீதம். மீதி 82 சதவீதம் நின்ற நேரம். கரும்பலகையில் அந்த இரண்டு எண்களையும் அருகருகே எழுதியதும் வகுப்பு அமைதியானது. ஓடும் நேரத்தை வரைபடத்திலிருந்து கணக்கிட்டுவிட முடிகிறது. நிற்கும் நேரத்தை அப்படிக் கணக்கிட முடியாது. எல்லை தாண்டும் போக்குவரத்தைத் திட்டமிடுவது என்பது பெரும்பாலும் இந்த 82 சதவீதத்தைத் திட்டமிடுவதுதான்.

செயல்பாடு 2: கன்டெய்னரில் எவ்வளவு?

ஒன்பதாம் வகுப்புக் கணிதத்தில் படித்த கனச்செவ்வகத்தின் கன அளவு இங்கே பயன்பட்டது. 20 அடி கன்டெய்னரின் உட்புறம் ஏறத்தாழ 5.9 மீ நீளம், 2.35 மீ அகலம், 2.39 மீ உயரம். பெருக்கினால் சுமார் 33 கன மீட்டர். 25 கிலோ வெங்காய மூட்டை ஒன்றை 60 செ.மீ., 40 செ.மீ., 20 செ.மீ. என்று எடுத்துக்கொண்டால் 0.048 கன மீட்டர். வகுத்துப் பார்த்துவிட்டு, 690 மூட்டை அடுக்கலாம் என்றார்கள். நமக்குத் தேவை 480 மூட்டைதான். "இன்னும் 210 மூட்டை ஏற்றினால் ஒரு மூட்டைக்கான வாடகை குறையுமே சார்?" என்று கேட்டார்கள்.

மண்டியில் சுமை தூக்கும் தொழிலாளியின் மகன் விடை சொன்னான். "வெங்காயம் மூச்சு விடணும். நெருக்கி அடுக்கினா நடுவுல இருக்கிறது வேர்த்து அழுகிடும்." காற்றோட்டத்துக்கு இடைவெளி வேண்டும், மூட்டை என்பது செங்கல்லைப் போலக் கச்சிதமாக அடுங்காது, லாரியும் கன்டெய்னரும் தாங்கும் எடைக்கு வரம்பு உண்டு. கணக்கில் வருவது அதிகபட்ச அளவு. சரக்கின் இயல்பு கேட்பது சரியான அளவு. பஞ்சுப் பொதி என்றால் இடம் முதலில் நிரம்பும், கிரானைட் கல் என்றால் எடை வரம்பு முதலில் வரும் என்பதையும் இதே இடத்தில் சொல்லலாம்.

செயல்பாடு 3: சரக்குக்கு முன்னால் போகும் தாள்கள்

வெளிநாட்டுக்கு அனுப்பும் சரக்குக்கு இரண்டு பயணங்கள் உண்டு. ஒன்று பொருளின் பயணம், மற்றொன்று தாள்களின் பயணம். இரண்டாவது தடைபட்டால் முதலாவது நின்றுவிடும். தடித்த அட்டைகளில் கீழ்க்கண்டவற்றை எழுதிக் குழுக்களுக்குக் கொடுத்தேன்.

ஏற்றுமதி செய்பவர் வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகத்திடம் பெறும் ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண். விலை விவரம் சொல்லும் விலைப்பட்டியல். எத்தனை மூட்டை, என்ன எடை என்று சொல்லும் பொதிப்பட்டியல். சுங்கத்துறையிடம் தாக்கல் செய்யும் ஷிப்பிங் பில். நோயோ பூச்சியோ இல்லை என்று காட்டும் தாவர நலச் சான்றிதழ். பொருள் எந்த நாட்டில் விளைந்தது என்று காட்டும் தோற்றச் சான்றிதழ். சரக்கைப் பெற்றுக்கொண்டதாகக் கப்பல் நிறுவனம் தரும் பில் ஆஃப் லேடிங். இந்தியாவும் இலங்கையும் 1998 டிசம்பர் 28 அன்று கையெழுத்திட்ட தடையற்ற வணிக ஒப்பந்தம் 2000 மார்ச் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்கீழ் வரிச் சலுகை கிடைக்கும் பொருள்களுக்குத் தோற்றச் சான்றிதழ் இல்லாமல் அந்தச் சலுகை கிடைக்காது.

பிறகு ஒரு விளையாட்டு. ஒரு குழு ஏற்றுமதியாளர், இன்னொரு குழு சுங்க அலுவலர். ஏற்றுமதியாளர் குழு விலைப்பட்டியலும் பொதிப்பட்டியலும் எழுதிக் கொடுக்க வேண்டும். அலுவலர் குழு இரண்டையும் ஒப்பிட்டு அனுமதிக்க வேண்டும். ஆறு குழுக்களில் இரண்டு குழுக்களின் தாள்கள் ஒத்துப்போகவில்லை. ஒன்றில் 480 மூட்டை, மற்றொன்றில் 460. ஒரே ஓர் இலக்கம்தான் வேறு. "நிறுத்து" என்று அலுவலர் குழு சொன்னதும், அந்த லாரி ஓட்டுநரின் மகள் என்னைப் பார்த்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை. விடைத்தாளில் அலகு எழுத மறந்தால் அரை மதிப்பெண் குறையும் என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். கவனக் குறைவின் விலையை யாரோ ஒருவர் வெயிலில் நின்று கொடுக்கிறார் என்று அன்றுதான் வகுப்புக்குப் புரிந்தது.

செலவும் இடரும் யார் தலையில் என்பதையும் முன்கூட்டியே பேசி எழுதிக்கொள்ள வேண்டும். இதற்காகப் பன்னாட்டு வணிகச் சபை 1936 முதல் பொது விதிகளை வெளியிட்டு வருகிறது. 2020 பதிப்பில் 11 வகைகள் உள்ளன. அவற்றில் இரண்டைச் சொன்னால் போதும். எஃப்.ஓ.பி. என்றால் சரக்கைக் கப்பலில் ஏற்றும் வரையிலான செலவு விற்பவருடையது. அதன் பிறகு வாங்குபவருடையது. சி.ஐ.எஃப். என்றால் சேர வேண்டிய துறைமுகம் வரை கப்பல் வாடகையையும் காப்பீட்டையும் விற்பவர் கட்டுவார். ஆனால் சரக்கு கப்பலில் ஏறியதுமே இடர் வாங்குபவருக்கு மாறிவிடும். வாடகை கட்டுபவரும் இழப்பைச் சுமப்பவரும் ஒருவராகவே இருக்க வேண்டியதில்லை என்பது மாணவர்களுக்கு வியப்பாக இருந்தது.

செயல்பாடு 4: எது மலிவு?

இதுதான் செயல்திட்டத்தின் மையம். கீழே உள்ள தொகைகளும் அழுகல் வீதமும் வகுப்பறைக் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை; சந்தை நிலவரம் அல்ல. இதை மாணவர்களிடமும் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

கொழும்பில் ஒரு கிலோவுக்கு 60 ரூபாய் கிடைக்கும் என்று வைப்போம். 12 டன்னில் ஒரு சதவீதம் கெட்டால் 120 கிலோ, அதாவது 7,200 ரூபாய் இழப்பு.

முதல் வழி சாதாரணக் கன்டெய்னர். போக்குவரத்துச் செலவு 60,000 ரூபாய். நாளொன்றுக்கு 2 சதவீதம் கெடும். எனவே நாள் இழப்பு 14,400 ரூபாய்.

இரண்டாம் வழி குளிரூட்டப்பட்ட கன்டெய்னர். போக்குவரத்துச் செலவு 1,10,000 ரூபாய். நாளொன்றுக்கு அரை சதவீதம் கெடும். நாள் இழப்பு 3,600 ரூபாய்.

எது மலிவு என்று கேட்டதும் "முதல் வழி" என்று எல்லாரும் சொன்னார்கள். 4 நாளில் சரக்கு சேர்ந்தால் அது சரிதான். முதல் வழியின் மொத்தச் செலவு 1,17,600 ரூபாய்; இரண்டாம் வழிக்கு 1,24,400 ரூபாய். இரண்டு நாள் தாமதமானால்? 6 நாளுக்கு முதல் வழி 1,46,400 ரூபாய். இரண்டாம் வழி 1,31,600 ரூபாய். விடை தலைகீழாகிவிட்டது.

எந்த நாளில் மாறுகிறது என்று கண்டுபிடிக்கச் சொன்னேன். நாள்களின் எண்ணிக்கை x என்றால், 60,000 + 14,400x = 1,10,000 + 3,600x. தீர்த்தால் x ஏறத்தாழ 4.6. வரைபடத் தாளில் இரண்டு நேர்கோடுகளையும் வரைந்தார்கள். நான்காம் நாளுக்கும் ஐந்தாம் நாளுக்கும் இடையில் அவை வெட்டிக்கொண்டன. நேரிய சமன்பாடுகளை வரைபட முறையில் தீர்க்கும்போது அந்த வெட்டும் புள்ளிக்கு என்ன பொருள் என்று பலருக்கும் புரிவதில்லை. இங்கே அந்தப் புள்ளிக்குப் பொருள் இருந்தது: "இதற்கு மேல் காத்திருக்க நேரும் என்றால் விலை அதிகமான வழியே மலிவு."

இந்தக் கணக்கில் டெமரேஜ் என்று சொல்லப்படும் தாமதக் கட்டணத்தை நாங்கள் சேர்க்கவில்லை. கட்டணமின்றிக் கன்டெய்னரை வைத்திருக்கச் சில நாள்கள் தருவார்கள். அதற்கு மேல் ஒவ்வொரு நாளுக்கும் பணம் கட்ட வேண்டும். முன்னேறிய மாணவர்கள் அதையும் சமன்பாட்டில் சேர்த்துப் பார்க்கலாம்.

செயல்பாடு 5: போய்ச் சேர்ந்த பிறகு

திட்டம் போடுவதோடு வேலை முடிவதில்லை. சரக்கு சேர்ந்த பிறகு திட்டத்தையும் நடந்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இதற்கு அந்த மாணவியின் அப்பாவே எங்களுக்கு உதவினார். அவரிடம் ஒரு சிறிய நோட்டு இருக்கிறது. ஏற்றிய நேரம், எடைமேடை, டீசல், நிறுத்துமிடம், வாயிலுக்குள் போன நேரம் எல்லாம் அதில் இருக்கும். அவருடைய சம்மதத்தோடு ஒரு நடையின் பக்கத்தை மாணவி படியெடுத்து வந்தாள். ஒவ்வொரு கட்டத்துக்கும் "திட்டமிட்ட நேரம்", "ஆன நேரம்", "காரணம்" என்று மூன்று பத்திகள் போட்டு அட்டவணை தயாரித்தோம்.

பிறகு மூன்று கேள்விகள். எந்தக் கட்டத்தில் அதிக நேரம் போனது? அதைத் தவிர்த்திருக்க முடியுமா? தவிர்த்திருக்க யாரால் முடியும்? மூன்றாவது கேள்விதான் முக்கியம். காத்திருந்தவர் ஓட்டுநர், தாளில் தவறிழைத்தவர் வேறு எங்கோ ஒரு மேசையில் இருந்தவர். ஓட்டுநரை வேகமாகப் போகச் சொல்வதால் இந்தத் தாமதம் ஒரு நிமிடம்கூடக் குறையாது என்று மாணவர்களே எழுதினார்கள்.

உலக அளவிலும் இப்படித்தான் மதிப்பிடுகிறார்கள். 2017 பிப்ரவரி 22 அன்று நடைமுறைக்கு வந்த உலக வணிக அமைப்பின் வணிக எளிதாக்க ஒப்பந்தம், சரக்கை விடுவிக்க ஆகும் சராசரி நேரத்தை அளந்து வெளியிட நாடுகளை ஊக்குவிக்கிறது. உலக வங்கியின் சரக்குப் போக்குவரத்துச் செயல்திறன் குறியீட்டில் இந்தியா 2014இல் 54ஆம் இடத்திலும், 2018இல் 44ஆம் இடத்திலும், 2023இல் 139 நாடுகளில் 38ஆம் இடத்திலும் இருந்தது. சுங்கம், உள்கட்டமைப்பு, பன்னாட்டுக் கப்பல் ஏற்பாடு, பணித் தரம், சரக்கைப் பின்தொடரும் வசதி, நேரந்தவறாமை ஆகிய ஆறும் இதில் பார்க்கப்படுகின்றன. தொலைவு இந்தப் பட்டியலில் இல்லை என்பதை மாணவர்களின் கவனத்துக்குக் கொண்டுவரலாம்.

எதிர்பாராதது வந்தால்

நல்ல திட்டத்தில் மாற்று வழிக்கும் இடம் இருக்கும். 2023 டிசம்பர் 8 அன்று மத்திய அரசு வெங்காய ஏற்றுமதிக்குத் தடை விதித்தது. 2024 மே மாதத்தில்தான் அது நீங்கியது. உள்நாட்டில் விலை உயராமல் காப்பது அதன் நோக்கம். அந்த நேரத்தில் லாரியில் ஏற்றி நிற்கும் வியாபாரி என்ன செய்வார் என்று கேட்டால் வகுப்பில் நல்ல விவாதம் வரும். வாங்கிச் சாப்பிடும் குடும்பத்தின் பக்கமும், விளைவிக்கும் குடும்பத்தின் பக்கமும் பேச எங்கள் வகுப்பில் ஆள் இருந்தது. 2021 மார்ச்சில் ஒரே கப்பல் குறுக்கே சிக்கியதால் சூயஸ் கால்வாய் ஆறு நாள் அடைபட்டதையும் உடன் சேர்க்கலாம்.

வரலாற்றுப் பாடத்தோடும் இணைக்கலாம். முன்பு சென்னையிலிருந்து கொழும்பு செல்வோர் தூத்துக்குடி வரை ரயிலில் வந்து கப்பலேறினார்கள். 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டதும் தனுஷ்கோடிவரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் குறுகிய கடல் பயணம், மீண்டும் ரயில் என்று வழி மாறியது. கடல் பயணம் குறைந்தது. ஆனால் ஏறி இறங்க வேண்டிய இடம் ஒன்று கூடியது. பயணிக்கு இது வசதி. மூட்டைக்கு? இந்தக் கேள்வியை வகுப்பிடமே விட்டுவிடுங்கள். 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்ததையும் சொன்னால், ஒரே வழியை நம்பியிருப்பதன் இடர் தானாகப் புரியும்.

தொடக்க வகுப்புகளுக்கு

நான்காம், ஐந்தாம் வகுப்புகளில் இதையே விளையாட்டாகச் செய்யலாம். வகுப்பறையின் இரு மூலைகள் இரு நாடுகள். நடுவில் சுண்ணாம்புக் கோடு எல்லை. தீப்பெட்டிகளைச் சாக்பீஸ் பெட்டியில் அடுக்கி, எண்ணிக்கையைச் சீட்டில் எழுதிக் கொண்டுபோக வேண்டும். எல்லையில் நிற்கும் குழந்தை எண்ணிப் பார்த்துச் சரியாக இருந்தால்தான் விடுவார். ஒருவர் நேரம் குறிக்கட்டும். நடந்த நேரம் எவ்வளவு, நின்ற நேரம் எவ்வளவு என்று கேளுங்கள். எண்ணுதல், கூட்டல், நேரம் பார்த்தல் மூன்றுக்கும் பயிற்சி கிடைக்கும்.

மதிப்பீடு

10 மதிப்பெண்களை இப்படிப் பிரித்தேன்: கட்டங்களை விடுபடாமல் வரிசைப்படுத்தியதற்கு 2, கணக்கீட்டுக்கு 2, தாள்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதற்கு 2, தேர்ந்தெடுத்த வழிக்குச் சொல்லும் காரணத்துக்கு 3, மாற்று வழிக்கு 1. எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் குறைவில்லை, காரணத்துக்குத்தான் மதிப்பெண். மெல்லக் கற்கும் மாணவர்கள் கட்டங்களை வரைவதிலும் சுங்க அலுவலராக ஒப்பிட்டுப் பார்ப்பதிலும் நன்றாகச் செய்தார்கள்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் வெங்காயம் இல்லாவிட்டால் பின்னலாடை, முட்டை, தென்னை நார், தீப்பெட்டி, கருவாடு என்று ஏதாவது ஒன்று இருக்கும். அதை ஏற்றுபவரோ ஓட்டுபவரோ உங்கள் மாணவர் ஒருவரின் வீட்டில் இருப்பார். அங்கிருந்து தொடங்குங்கள்.

அடுத்த தேர்வில் அந்த ஒரு மதிப்பெண் வினாவை நான் கேட்கவில்லை. "நீர்வழிப் போக்குவரத்து எப்போது மலிவு, எப்போது மலிவில்லை?" என்று ஐந்து மதிப்பெண்ணுக்குக் கேட்டேன். அதற்கு முன்பாக, பழைய விடைத்தாளை அந்த மாணவியிடம் கேட்டு வாங்கி, என் சிவப்புக் குறிப்பை அடித்துவிட்டு, அவள் எழுதிய வரிக்குப் பக்கத்தில் "சரி" என்று எழுதிக் கொடுத்தேன்.